சீனன்குடாவிலிருந்து பலாலிக்கு 40 நிமிடம்: கணக்கில் எங்கே தவறு?

சில வாரங்களுக்கு முன்னர் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தேநீர்க் கடையொன்றில் கிண்ணியாவைச் சேர்ந்த துணி வியாபாரி ஒருவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பிய களைப்பு முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த போனை என் முன்னால் நீட்டினார்.

"நானா, இதைக் கொஞ்சம் பாருங்க. சீனன்குடா எயார்போட்டுக்கும் பலாலி எயார்போட்டுக்கும் 185 கிலோ மீட்டர்தானாம். பிளேனில் 40 நிமிஷமாம். பிறகு ஏன் நாம ஒரு நாளை பஸ்ஸுக்குள்ளேயே கழிக்கிறோம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 40 நிமிடம் யாரும் பறந்து பார்த்துச் சொன்ன கணக்கல்ல. உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும், நேர்கோட்டுத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் பிரித்து ஒரு விடையைத் தருவதற்கு இணையத்தில் ஏராளமான கருவிகள் உள்ளன. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா, ஓடினால் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, டிக்கட் என்ன விலை என்பதெல்லாம் அவற்றுக்குத் தேவையில்லை. வியாபாரிக்குத் தேவையானவையோ அவை மூன்றும்தான்.

நமது மாவட்டத்துக்கு விமான சேவை வேண்டும் என்ற கோரிக்கை கூட்டங்களிலும் மகஜர்களிலும் அடிக்கடி எழுகிறது. அந்தக் கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கடையில் கொள்முதல் செய்யும்போது ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிப் பார்க்கும் நாம், இந்த விடயத்தில் மட்டும் கணக்குப் பார்க்காமல் பேசுகிறோம் என்பதுதான் என் கவலை. எனவே இவ்வாரம் கணக்கைக் கையில் எடுப்போம்.

வானத்துத் தூரம்

முதலில் தூரங்களைப் பார்ப்போம். இவை வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தவை. சீனன்குடாவிலிருந்து பலாலிக்குச் சுமார் 185 கிலோ மீட்டர். ரத்மலானைக்குச் சுமார் 238. கட்டுநாயக்கவுக்குச் சுமார் 207. மட்டக்களப்பு விமான நிலையத்துக்குச் சுமார் 107. சென்னைக்கு 505 அளவில்.

இந்த எண்களில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குச் சுமார் 643 கிலோ மீட்டர். அதாவது நமது சீனன்குடா, நாட்டின் பிரதான விமான நிலையத்தை விட ஏறக்குறைய 140 கிலோ மீட்டர் சென்னைக்குக் கிட்டவாக இருக்கிறது. மற்றையது, பலாலியிலிருந்து திருச்சிக்கு உள்ள தூரம் சுமார் 183 கிலோ மீட்டர். பலாலியிலிருந்து நமது சீனன்குடாவுக்கு 185. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்!

பலாலியிலிருந்து கடல் கடந்து இன்னொரு நாட்டிலுள்ள திருச்சிக்கு 2025 மார்ச் 30 ஆம் திகதி இண்டிகோ நிறுவனம் நாளாந்த சேவையை ஆரம்பித்தது. அதே தூரத்தில், அதே நாட்டுக்குள் இருக்கும் சீனன்குடாவுக்கோ ஒரு வியாபாரி நம்பி ஏறக்கூடிய நாளாந்த சேவை கிடையாது. ஆகவே தடை தூரத்தில் இல்லை என்பது தெளிவு.

சீனன்குடா ஒன்றும் புதிய நிலையமல்ல. பிரித்தானியர் காலத்து விமானத் தளம் அது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இங்கிருந்துதான் போர் விமானங்கள் எதிர்த்துப் பறந்தன. இப்போது விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கே இயங்குகிறது. ஓடுபாதை இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நீளமானது. ஓடுபாதை இல்லாமல் நாம் தவிக்கவில்லை.

பறக்கும் நேரம் வேறு, போய்ச் சேரும் நேரம் வேறு

குறுந்தூரப் பயணங்களுக்கு விமான நிறுவனங்கள் பெரிதும் பயன்படுத்தும் ஏ.டி.ஆர். ரக விமானம் மணித்தியாலத்துக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் 185 கிலோ மீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதும். ஆனால் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும், மேலே ஏற வேண்டும், கீழே இறங்க வேண்டும், மீண்டும் ஊர்ந்து வந்து நிற்க வேண்டும். இதற்கெல்லாம் 15 அல்லது 20 நிமிடம் கூடுகிறது. அப்படித்தான் 40 நிமிடம் வருகிறது.

இந்த மேலதிக நேரம் 185 கிலோ மீட்டர் பறந்தாலும் செல்லும், 1,000 கிலோ மீட்டர் பறந்தாலும் செல்லும். கடை வாடகையைப் போன்றது இது. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் வாடகை மாறாது. செலவும் அப்படியே. விமானம் அதிக எரிபொருளை விழுங்குவது மேலே ஏறும்போதுதான். தரையிறங்கும் கட்டணம் ஒவ்வொரு இறக்கத்துக்கும் உண்டு. சில்லு, பிரேக் போன்றவற்றின் தேய்மானமும் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதனால்தான் குறுந்தூரப் பயணத்தில் ஒரு கிலோ மீட்டருக்கான செலவு எப்போதும் அதிகம்.

இனி கடை வாசலிலிருந்து கடை வாசல் வரை கணக்குப் பார்ப்போம். திருகோணமலை நகரிலிருந்து சீனன்குடாவுக்கு 25 நிமிடம். பரிசோதனைகளுக்காக ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பு 40 நிமிடம். இறங்கிப் பொதியை எடுத்து வெளியே வர 20 நிமிடம். பலாலியிலிருந்து யாழ் நகருக்கு 35 நிமிடம். கூட்டிப் பாருங்கள், சரியாக 3 மணித்தியாலம். போனில் காட்டிய 40 நிமிடம் இந்தப் பயணத்தில் நான்கில் ஒரு பங்கும் இல்லை.

வீதியால் போனால்? ஹொரவப்பொத்தானை, வவுனியா ஊடாக யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 235 கிலோ மீட்டர். பஸ்ஸில் 5 முதல் 6 மணித்தியாலம். ஆகவே விமானம் மிச்சப்படுத்துவது 2 அல்லது 3 மணித்தியாலம் மட்டுமே. நண்பர் நினைத்ததோ 5 மணித்தியாலத்துக்கு மேல்.

மிச்சமாகும் மணித்தியாலத்துக்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள். விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் இடையிலான கட்டண வித்தியாசம் 20,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மிச்சமாவது இரண்டரை மணித்தியாலம் என்றால், ஒரு மணித்தியாலத்தை 8,000 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். உங்கள் கடையில் உங்களது ஒரு மணித்தியாலம் அதற்கு மேல் பெறுமதியானதா? ஆம் என்றால் விமானம் உங்களுக்கு மலிவு. இல்லை என்றால் பஸ்தான் இலாபம். இதை ஒவ்வொருவரும் தத்தம் தொழிலுக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும்.

விமானத்தின் உண்மையான போட்டியாளர்

கொழும்புப் பயணத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. நம்மவர்கள் கொள்முதலுக்கு எப்படிப் போகிறார்கள்? இஷாத் தொழுதுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஏறுகிறார்கள். ஹபரண, தம்புள்ளை, குருநாகல் எல்லாம் தூக்கத்தில் கடந்துவிடுகின்றன. சுபஹ் நேரத்தில் புறக்கோட்டை. தொழுது, தேநீர் குடித்து, கடைகள் திறந்ததும் கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் வேலையை முடித்துக்கொண்டு, மீண்டும் இரவு பஸ். அடுத்த நாள் காலை கடை திறக்க ஊரில் நிற்கிறார்கள். செலவானது ஒரே ஒரு வேலை நாள்.

இப்போது சீனன்குடாவிலிருந்து பகல் 11 மணிக்கு ஒரு விமானம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்மலானையில் இறங்கி காலி வீதி நெரிசலைக் கடந்து புறக்கோட்டை போகும்போது பிற்பகல் 2 மணி. அன்றைக்கு வேலை முடியாது. லொட்ஜில் தங்க வேண்டும். மறுநாள் வேலையை முடித்துத் திரும்பும்போது இரண்டு வேலை நாட்கள் போய்விட்டன. ஒரு மணித்தியாலத்தில் பறந்தவர் இரண்டு நாளை இழக்கிறார். ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் வந்தவர் ஒரு நாளையே இழக்கிறார்!

ஆகவே நமக்கு விமானத்தின் போட்டியாளர் கடிகாரமல்ல, இரவு பஸ்தான். அதை வெல்ல வேண்டுமானால் விமானம் காலை 7 மணியளவில் புறப்பட்டு மாலை 5 மணியளவில் திரும்ப வேண்டும். அப்போதுதான் இரண்டு இரவும் வீட்டில் தூங்கலாம். முதுகு வலியும் தூக்கமின்மையும் இல்லாமல் பேரம் பேசலாம். வயதான வியாபாரிகளுக்கும், நோயாளிகளுக்கும், மருத்துவ ஆலோசனைக்குக் கொழும்பு போகும் பெண்களுக்கும் இதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. பறக்கும் நேரம் 40 நிமிடமா 60 நிமிடமா என்பதை விட, நேர அட்டவணை எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

396 மீட்டரின் பாடம்

இந்த உண்மையைக் கிண்ணியா மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிண்ணியாப் பாலத்தின் நீளம் வெறும் 396 மீட்டர். சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டு 2009 ஒக்டோபரில் அது திறக்கப்படும் வரை, அந்த 396 மீட்டரைக் கடக்கப் பாதையில் ஏறத்தான் வேண்டியிருந்தது. எத்தனை நாள் மீன் லொறிகள் துறையடியில் வரிசையில் நின்றன! எத்தனை பேர் கடைசிப் பாதையைத் தவறவிட்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்! தூரம் 396 மீட்டர், தாமதமோ மணித்தியாலக் கணக்கில்.

பாலம் வந்த பின்னர் தூரம் குறையவில்லை. காத்திருப்பு இல்லாமல் போனது. அதுதான் வியாபாரத்தை மாற்றியது. விமானத்துக்கும் இதே விதிதான். வானத்தில் செலவாகும் நிமிடங்களை யாரும் பெரிதாகக் குறைக்க முடியாது. தரையில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடியும்.

இதற்கு மறுபக்க உதாரணம் ரயில். திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போக வேண்டுமானால், வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கு நோக்கி கல்ஓயாவுக்கும், அங்கிருந்து மஹவ சந்திக்கும் போய், மாறி ஏறி மீண்டும் வடக்கே வர வேண்டும். தண்டவாளம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ரயில் இருக்கிறது. ஆனால் வியாபாரிக்கு அது வழியாகவே தெரிவதில்லை.

ஏன் விமானம் வருவதில்லை?

நாட்டுக்குள் விமானம் ஓடியதே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவையே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குத்தான் பறந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது பலாலியைத்தான். பின்னர் யுத்தம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து அதிலிருந்த அனைவரும் உயிரிழந்தனர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாண மக்கள் கப்பலில் நமது துறைமுகத்துக்கு வந்து, இங்கிருந்து கொழும்புக்குப் போன காட்சியை இந்த மாவட்டத்தில் பலர் கண்டிருக்கிறார்கள்.

யுத்தத்தின் பின்னர் விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் சேவை பலாலிக்கும் சீனன்குடாவுக்கும் பயணிகளை ஏற்றிச் சென்றது. 2013 இல் ஆரம்பமான சினமன் எயார் நிறுவனமும் சிறிய செஸ்னா விமானங்களைச் சீனன்குடாவுக்குக் கொண்டு வந்தது. ஆனால் அது முதன்மையாக வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை நம்பிய சேவை. கட்டணத்தை டொலரில் கணக்கிடும்போது நமது கடைக்காரர் ஒதுங்கிக்கொள்கிறார்.

விமானம் வராததற்கு அரசியல் காரணம் தேடுமுன் ஆசனக் கணக்கைப் பாருங்கள். ஏ.டி.ஆர். 72 விமானத்தில் சுமார் 70 ஆசனங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போய் வந்தால் 420 ஆசனங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால்தான் கட்டுப்படியாகும் என்று வைத்தாலும், வாரந்தோறும் 280 பேர் வேண்டும். அதுவும் மாரி, கோடை இரண்டிலும். நமது மாவட்டத்திலிருந்து வாரம் 280 பேர் பஸ் கட்டணத்தை விடப் பல மடங்கு கொடுத்துப் பறப்பார்களா? மனச்சாட்சிப்படி சொன்னால், இன்றைக்கு இல்லை.

ஆனால் செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானத்தில் 8 பயணிகள் அளவில்தான் ஏறலாம். வாரத்துக்கு மூன்று நாள் போய் வந்தால் 48 ஆசனங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 32. வாரத்துக்கு 32 பேரை நம்மால் திரட்ட முடியும். சீனன்குடா, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், சீமெந்து மற்றும் மா ஆலைகளின் அதிகாரிகள், வைத்தியர்கள், வர்த்தகர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இது எட்டாக்கனி அல்ல. சிறிய விமானம் சற்று மெதுவாகப் பறக்கும். மணித்தியாலத்துக்குச் சுமார் 300 கிலோ மீட்டர்தான். ரத்மலானைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஆகட்டுமே! கால் மணித்தியாலத் தாமதத்தால் யாருடைய வியாபாரமும் கெட்டுப்போவதில்லை.

இன்னொன்றும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகளின் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஹோட்டல்கள் வெறிச்சோடும், விமானங்களும் காலியாகும். அந்தக் காலியான ஆசனங்களைக் குறைந்த விலைக்கு, ரூபாவில், மொத்தமாகப் பேசி வாங்கக் கூடியவர்கள் யார்? வருடம் முழுவதும் பயணம் செய்யும் வர்த்தகர்கள்தான். பருவம் தப்பிய சரக்கை மொத்த விலையில் பேசி எடுப்பது நமக்குப் புதிய கலையா?

எதைக் கேட்பது?

2023 ஜூலை 21 இல் வெளியான இந்திய-இலங்கை கூட்டுத் தொலைநோக்கு ஆவணத்தில், சென்னைக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே விமானத் தொடர்பை ஆராய்வது பற்றிய வாசகம் இடம்பெற்றது. அதைக் கேட்டு நம்மவர்கள் பலர் சீனன்குடா சர்வதேச விமான நிலையமாகப் போகிறது என்று கனவு காணத் தொடங்கினார்கள். நடந்தால் மகிழ்ச்சிதான். சென்னைக்கு 505 கிலோ மீட்டர், ஒன்றே கால் மணித்தியாலப் பயணம். யார் வேண்டாம் என்பார்?

ஆனால் சர்வதேச விமான நிலையம் என்றால் குடிவரவு, சுங்கம், தீயணைப்பு, பாதுகாப்பு என்று வருடம் முழுவதும் சம்பளம் கொடுக்க வேண்டிய அமைப்பு. பலாலியின் அனுபவத்தைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் ஆரம்பித்தது. பெரிய சனத்தொகையும் வெளிநாட்டு உறவுகளும் கொண்ட யாழ்ப்பாணத்துக்கே இத்தனை இழுபறி என்றால், நாம் ஆணையிட்டதும் சீனன்குடாவில் வந்து இறங்கிவிடுமா?

எனவே என் கருத்து இதுதான். விமான நிலையத்தைக் கேட்காமல் நேர அட்டவணையைக் கேட்போம்.

முதலாவதாக, செலவே இல்லாத ஒன்று. பலாலியிலிருந்து இந்தியாவுக்கான விமான நேரத்துக்கு ஏற்பத் திருகோணமலையிலிருந்து நேராகப் பலாலி வாசல் வரை செல்லும் ஒரு சொகுசு பஸ். துணி எடுக்கத் திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் நம்மவர்கள் இன்று யாழ் நகரில் இறங்கி, அங்கிருந்து வேறு வாகனம் பிடித்து, சில வேளை ஒரு இரவு தங்கியும் போகிறார்கள். நேரடி பஸ் இருந்தால் கட்டுநாயக்க போவதை விட இது இலகுவாகிவிடும். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. நமது பஸ் உரிமையாளர் ஒருவர் மனம் வைத்து, வழி அனுமதிப் பத்திரத்தைப் பெற்றால் போதும்.

இரண்டாவதாக, ரத்மலானைக்கு வாரத்தில் மூன்று நாள், காலையில் போய் மாலையில் திரும்பும் சிறிய விமானம். இதற்கு வர்த்தக சங்கங்கள் வெறும் மகஜரோடு போகக் கூடாது. 'வாரத்துக்கு இத்தனை ஆசனத்துக்கு நாங்கள் பொறுப்பு, ஆறு மாதத்துக்கு முற்பணம் தருகிறோம்' என்ற எழுத்து மூல உறுதியோடு போக வேண்டும். விமான நிறுவனமும் நம்மைப் போன்ற வியாபாரிதான். கோஷத்துக்கு அது அசையாது, உறுதியான கொள்வனவுக் கட்டளைக்கு அசையும். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் சங்கங்கள் இன, மத வேறுபாடின்றி ஒரே மேசையில் அமர்ந்தால்தான் 32 என்ற எண் நிரம்பும்.

மூன்றாவதாக, பலாலி இணைப்பு. சீனன்குடாவிலிருந்து பலாலிக்கு மட்டும் பறப்பது யாழ்ப்பாண வியாபாரத்துக்காக என்றால் மிச்சமாவது இரண்டு மூன்று மணித்தியாலமே. ஆனால் இந்திய விமானத்துக்கு இணைப்பாக வந்தால் ஒரு முழு நாளே மிச்சமாகலாம். ஆகவே முதல் இரண்டும் வெற்றியளித்த பின்னர் இதைக் கேட்பதே ஒழுங்கு.

இதையெல்லாம் அந்த நண்பரிடம் சொன்னேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப நானா, 40 நிமிஷம் எண்டது பொய்யா?" என்று கேட்டார்.

பொய்யல்ல. விமானத்துக்கு அது 40 நிமிடம்தான். பயணிக்கு அது மூன்று மணித்தியாலம். நேர அட்டவணை சரியில்லாவிட்டால் இரண்டு நாள். நாம் டிக்கட் வாங்கப் போவது பயணியாகத்தான். ஆகவே பயணியின் கணக்கையே சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மேசை மீது வையுங்கள். கடந்த மாதம் உங்கள் கடையிலிருந்து எத்தனை பேர், எத்தனை தடவை கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள்கள் சேர்ந்தால் 32 வருகிறதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.